கண் எரியாத வெங்காயம்

திருச்சியில் செடிகளுக்குக் கண்ணாடி வீடு இருந்தது என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். "சித்திரை வெயில்ல மனுஷனே வேகறான், செடியக் கண்ணாடிக்குள்ள வெச்சு வேற வேக வைக்கறியா?" என்று என் தம்பியே கேட்டிருக்கிறான். குளிர் நாடுகளில் கண்ணாடி சூட்டைச் சேர்த்து வைக்க. எங்களுக்கு அது மழையைத் தடுக்க. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கிழங்குப் பூச்செடிகள் ஐப்பசி, கார்த்திகையில் இலை பழுத்துத் தூங்கப் போகும். இங்கே அடைமழை கொட்டுவதும் அப்போதுதான். தூங்குகிற கிழங்கின்மேல் தண்ணீர் நின்றால் பத்தே நாளில் உள்ளே கூழாகிவிடும். அதனால் கூரை மட்டும் கண்ணாடி. நான்கு பக்கமும் கம்பி வலை. பங்குனி பிறந்ததும் சுண்ணாம்பைக் கஞ்சியில் கரைத்துக் கண்ணாடிமேல் அடித்துவிடுவேன். வெயில் பாதியாகக் குறையும். ஐப்பசி மழை அந்தச் சுண்ணாம்பைத் தானே கழுவிக்கொண்டு போகும்.

என் பெயர் லூர்து மேரி. நகரத்துக்குள் ஒரு பெண்கள் கல்லூரியின் தாவரவியல் துறைத் தோட்டத்தில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. போன மாதம் அந்தத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஷர்மிளா மேடம் போன் செய்தார்.

"லூர்து அக்கா, பழைய கண்ணாடியெல்லாம் எடுத்துட்டு பிளாஸ்டிக் ஷீட்ல பாலிஹவுஸ் போடறாங்க. ஈரத்த அளந்து மெஷினே தண்ணி விட்டுடும். ஆனா அந்த ஆப்பிரிக்கக் கிழங்குங்களுக்கு எப்ப நிறுத்தணும், எப்ப ஆரம்பிக்கணும்னு அதுக்கு நாமதான சொல்லணும்? நீங்க எழுதிக் குடுங்களேன்."

இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். எழுதி முடித்த பிறகு, அவர் கேட்காத ஒன்றும் சொல்ல வேண்டியது இருக்கிறது என்று தோன்றியது. அதுதான் இது.

இருபத்தேழு வயதில் தற்காலிக வேலையாகச் சேர்ந்தேன். பத்தாவது வரை படித்திருந்தேன். செடி பற்றி ஒன்றும் தெரியாது. முதல் இரண்டு வருடம் தோட்டம் கூட்டுவது, தொட்டி கழுவுவது, கண்ணாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பது. அதற்குப் பிறகுதான் வேதவல்லி மேடம் என்னைக் கண்ணாடி வீட்டுக்குள் விட்டார்.

வேதவல்லி மேடம் எங்கள் துறைப் பேராசிரியர், ஸ்ரீரங்கத்துக்காரர். தினமும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்து, எட்டரைக்குள் கண்ணாடி வீட்டில் நிற்பார். நூல் புடவை, கறுப்புக் குடை, தோளில் ஒரு துணிப்பை. வேர் நுனியில் உயிரணு இரண்டாகப் பிரியும்போது உள்ளே நூல் நூலாகத் தெரிகிறவற்றை மைக்ராஸ்கோப்பில் எண்ணுவது அவருடைய ஆராய்ச்சி. அதற்கு இளம் வேர் வேண்டும். காலை வெயில் ஏறுவதற்குள் தொட்டியைக் கவிழ்த்து, வெள்ளையாக இருக்கும் வேரின் நுனியை அரிசி நீளத்துக்கு நறுக்கி, மருந்து ஊற்றிய சின்னக் குப்பியில் போட வேண்டும். அது என் வேலை. வேர் பழுப்பாக இருந்தால் தொடக்கூடாது. மண்ணோடு போட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. பாராட்டியும் பார்த்ததில்லை. அவருக்குப் பிடிக்காத ஒரே சொல் 'கொஞ்சம்'.

"இந்தத் தொட்டிக்குத் தண்ணி விட்டியா, லூர்து?"

"கொஞ்சம் விட்டேன் மேடம்."

"கொஞ்சம்னா எத்தனை டம்ளர்?"

முதல் மாதம் இந்தக் கேள்விக்குப் பயந்தே நான் தண்ணீர் ஊற்றாமல் விட்ட நாள்கள் உண்டு. பிறகு இடுப்பில் ஒரு டம்ளரைச் செருகிக்கொண்டேன்.

கிழங்கைத் தூங்க வைக்கும் முறையையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். இலை நுனி பழுக்கத் தொடங்கியதும் தண்ணீரைப் பாதியாக்க வேண்டும். பாதி இலை பழுத்ததும் நிறுத்திவிட வேண்டும். பச்சை இலையை அவசரப்பட்டு அறுக்கக்கூடாது. அது காயக் காயத்தான் அதிலுள்ளது கிழங்குக்கு இறங்கும். இலை தானாக உதிர்ந்த பிறகு கிழங்கை எடுத்து, மண்ணைத் தட்டி, விறகுச் சாம்பல் தடவி, மணல் பரப்பிய மரத் தட்டில் ஒன்றை ஒன்று தொடாமல் அடுக்க வேண்டும். பூஞ்சாண மருந்து கூடாது. பின்னால் வேர் நுனியில் அது கோளாறு பண்ணும் என்பார். அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறிய எண் ஒவ்வொன்றோடும் இருக்க வேண்டும். சித்திரை வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. சித்திரையில் ஒரே ஒரு நாள் நன்றாக ஊற்றினால் இரண்டு வாரத்தில் மொட்டு மண்ணைக் கிழித்துக்கொண்டு வரும்.

எங்களிடம் பல வகை இருந்தாலும் மேடத்தின் கவனமெல்லாம் பந்துப்பூவின் மேல்தான். நம் ஊரில் நிறைய வீடுகளில் இருக்கிறது. இலை இல்லாத தண்டின் நுனியில் சிவப்புப் பந்து மாதிரி பூக்கும். மே மாதப் பூ என்றும் சொல்வார்கள். அந்த ரத்தச் சிவப்பு வகையோடு, கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்த ஒரு ஆராய்ச்சியாளர் அனுப்பிய இன்னொரு வகையும் இருந்தது. அது வெளிறிய ஆரஞ்சு நிறம், நோஞ்சான். ஒன்றின் மகரந்தத்தை எடுத்து மற்றதில் வைத்து, கிடைத்த விதைகளை மேடம் முளைக்கப் போட்டார். பதினான்கு கன்று தேறியது. விதையிலிருந்து வந்த பந்துப்பூ பூக்க ஐந்து வருடமாவது ஆகும். ஐந்து வருடமும் அந்தப் பதினான்கையும் நான்தான் தூங்க வைத்து எழுப்பினேன். அடுத்த மே மாதம் முதல் பூ வர வேண்டும். என்ன நிறத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது.

அந்த மார்கழியில் மரத் தட்டுகளைக் கரையான் அரித்துவிட்டது. புதுத் தட்டுக்கு எழுதிப் போட்டிருந்தோம், வரவில்லை. மற்றக் கிழங்குகளைத் தொட்டியிலேயே விட்டுவிட்டு, இந்தப் பதினான்கை மட்டும் பத்திரமாக வைக்க ஒரு வழி செய்தேன். காந்தி மார்க்கெட்டிலிருந்து வெங்காயம் வாங்கி வந்த சிவப்பு நைலான் வலைப் பை ஒன்று வீட்டில் இருந்தது. அதைக் கழுவிக் காயவைத்து, கிழங்குகளையும் எண் தகடுகளையும் உள்ளே போட்டு, கருவி அறையில் ஆணியில் மாட்டினேன். எல்லாப் பக்கமும் காற்றுப் படும், எலி ஏறாது. அந்த யோசனையில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

பொங்கல் விடுமுறைக்கு முன் கடைசி வேலை நாளில் ஒவ்வொரு துறையிலும் பெண்கள் பொங்கல் வைப்பார்கள். எங்கள் துறைப் பெண்கள் கண்ணாடி வீட்டுக்குப் பக்கத்தில் செங்கல் அடுப்பு மூட்டியிருந்தார்கள். சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், சாம்பார். நான் காலையில் கோலமாவு எடுத்துக் கொடுத்துவிட்டு, வாழையிலை வாங்கக் காந்தி மார்க்கெட்டுக்குப் போனேன். பண்டிகைக் கூட்டத்தில் திரும்பி வர நேரமாகிவிட்டது.

இலைக்கட்டோடு நான் உள்ளே நுழைந்தபோது சில பெண்கள் பசி தாங்காமல் தட்டு வைத்துச் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பருகே மலர்விழி கரண்டியோடு நின்றாள். பச்சைமலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற இரண்டாம் வருட மாணவி. தோட்டத்துக்கு அடிக்கடி வருவாள். வேலை செய்யச் சலிக்காதவள்.

"அக்கா, சாம்பார் பத்தலன்னு ரெண்டாவது ஈடு வெச்சோம். வெங்காயம் தீந்து போச்சு. நல்லவேளை, உங்க ரூம்ல மாட்டியிருந்துச்சு. எடுத்துக்கிட்டோம். சூப்பர் வெங்காயம்க்கா, அரிஞ்சா கண்ணே எரியல!"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு கீழே பார்த்தேன். செய்தித்தாளில் தோல்கள் கிடந்தன. வெங்காயத் தோலின் பளபளப்பு இல்லை. பக்கத்தில் வலைப் பை சுருங்கிக் கிடந்தது.

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சாம்பார் பாத்திரத்தைக் காலால் தள்ளிவிட்டதும், கணுக்காலில் கொதி பட்டதும் நினைவிருக்கிறது. "துப்புங்க, எல்லாரும் துப்புங்க, அது விஷம்!" என்று கத்தியிருக்கிறேன். ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். சத்தம் கேட்டு வேதவல்லி மேடம் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

நான் பையைக் காட்டினேன். அவர் பையைப் பார்த்தார். கவிழ்ந்த சாம்பாரைப் பார்த்தார். அவ்வளவுதான்.

"ரெண்டாவது ஈடு சாம்பார் வாயில போட்டவா எல்லாரும் இந்தப் பக்கம் வாங்கோ. வெக்கப்படாதீங்கோ. ருசி பாத்தவாளும் வரணும்."

ஏழு பேர் வந்தார்கள். ஒவ்வொருத்தியிடமும் எத்தனை கரண்டி, எத்தனை நிமிடம் ஆயிற்று என்று கேட்டு ஒரு தாளில் எழுதினார். "கொஞ்சம்தான் மேடம்" என்றாள் மலர்விழி.

"கொஞ்சம்னா எத்தனை கரண்டி, சொல்லும்மா."

உப்புப் பார்த்தது இரண்டு தரம், பிறகு சோற்றோடு மூன்று கரண்டி. எல்லோரையும்விட அவள்தான் அதிகம்.

மிச்சமிருந்த கிழங்கில் ஒன்றையும் தோலையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, மூன்று ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். வழியிலேயே இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டரிடம் மேடம் கிழங்கை மேசையில் வைத்து, அதன் தாவரப் பெயரைச் சொல்லி, அதிலுள்ள நச்சு என்ன, அது வயிற்றை என்ன செய்யும், சமைத்தாலும் போகாது என்று பாடம் நடத்துவதுபோல் சொன்னார். எழுதிய தாளைக் கொடுத்தார்.

"இதுல பூச்சி மருந்து ஏதாவது போட்டிருந்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

மேடம் என்னைப் பார்த்தார்.

"இல்ல சார். சாம்பல் மட்டும்தான்."

"நிச்சயமா?"

"நிச்சயம் சார். என் கையாலதான் தடவினேன்."

"அது ஒண்ணுதான் இப்ப நல்ல செய்தி" என்றார் அவர்.

ஆறு பெண்கள் மாலைக்குள் தெளிந்துவிட்டார்கள். மலர்விழிக்கு வாந்தி நிற்கவில்லை. ரத்த அழுத்தம் இறங்கியது. கையில் குளுக்கோஸ் ஊசியோடு கண்ணை மூடிக் கிடந்தாள். ஊருக்குச் செய்தி போயிருக்கிறது, ஆனால் மலையிலிருந்து பஸ் காலையில்தான் என்று ஹாஸ்டல் வார்டன் சொன்னார்.

அவளுக்கு மாற்றுத் துணி எடுத்து வர என்னைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். சாயங்கால வெயில் இருந்தது. துணி வாங்கிக்கொண்டு தோட்டத்து வழியாக வந்தபோது குப்பைக் குழியில் காக்கைகள் கிளறிக்கொண்டிருந்தன. விரட்டப் போனேன். தோலோடு தோலாகக் கிழங்குகளின் அடிப்பாகங்கள் கிடந்தன. வெங்காயம் அரியும்போது வேர் இருக்கிற அடித்தட்டை ஒரு வெட்டு வெட்டி எறிந்துவிடுவோம் இல்லையா? அந்தப் பெண்களும் அப்படித்தான் எறிந்திருந்தார்கள். கிழங்கில் உயிர் இருப்பதே அந்தத் தட்டில்தான். அதோடு கொஞ்சம் சதையும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதிலிருந்து புதுக் குருத்து வரும்.

குழியில் இறங்கிப் பொறுக்கினேன். ஒன்பது கிடைத்தது. வெட்டுவாயில் சாம்பல் தொட்டு, ஒரு தாளில் பரப்பிக் கண்ணாடி வீட்டில் கீழ்ப் பலகையில் வைத்தேன். பையில் வெட்டாமல் ஐந்து கிழங்கு இருந்திருக்க வேண்டும். ஒன்று ஆஸ்பத்திரியில். மற்ற நான்கும் அடுப்பருகே யாரோ மிதித்து, கவிழ்ந்த கொதிச் சாம்பாரில் ஊறி நசுங்கிக் கிடந்தன. அந்த வேலை முழுக்க முடிகிற வரை எனக்கு வேறு நினைவே இல்லை. எழுந்து நின்றபோதுதான் தோளில் மலர்விழியின் துணி இருந்த பை தொங்குவது தெரிந்தது. ஒரு பெண் அங்கே கிடக்கிறாள், நான் இங்கே கிழங்கு பொறுக்குகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய் மேடத்திடம் தாழ்ந்த குரலில் சொன்னேன். "மேடம், ஒம்பது அடித்தட்டு எடுத்து வெச்சிருக்கேன்."

அவர் கட்டிலைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்: "இந்தப் பொண்ணு எழுந்து உக்காரட்டும். அதுக்கப்புறம் அதப்பத்திப் பேசு."

மறுநாள் பகலில் மலர்விழியின் அப்பா வந்தார். மலையில் மரவள்ளியும் சாமையும் போடுகிறவர். தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. மகளின் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, வராந்தாவில் நின்ற என்னிடம் வந்தார்.

"நீங்கதான் அந்தப் பையில போட்டீங்களா?"

"ஆமாங்க."

"வெங்காயப் பையில?"

"ஆமாங்க. தப்புதாங்க."

"பேரு எழுதலியா?"

"நம்பர் போட்ட தகடு உள்ள இருந்துச்சுங்க."

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றினார். அடிப்பாரோ என்றுகூட நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

"எங்க மலையில கசப்பு மரவள்ளின்னு ஒண்ணு இருக்கு. மாவு மில்லுக்குப் போடறது. பாக்க எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும். அத நாங்க திங்கற மரவள்ளி போடற கூடையில எந்தக் காலத்துலயும் போட மாட்டோம். கூடையவே தொட விட மாட்டோம். இவளுக்கு அது தெரியும். ஆனா காலேஜுல வந்து கிழங்கச் சந்தேகப்படணும்னு இவளுக்கு எப்படித் தோணும்?"

அவர் என் பதிலுக்காக நிற்கவில்லை. திரும்பிப் போய் மகளின் காலடியில் உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாம் நாள் மலர்விழி எழுந்து இட்லி சாப்பிட்டாள். அன்று மாலை சமயபுரத்துக்குப் போய் மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் போட்டுவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்தான். மாதாவிடமும் வேண்டியிருந்தேன். ஆனாலும் அந்தப் பெண்ணின் தெய்வத்திடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

விடுமுறை முடிந்து பிரின்சிபால் அறைக்குக் கூப்பிட்டார்கள். நிரந்தர வேலைக்கான என் கோப்பு அப்போது அவர் மேசையில் இருந்தது. வேலை போய்விடும் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

"விஷக் கிழங்கைத் திறந்த அறையில் வெங்காயப் பையில் மாட்டியது யார்?" என்று பிரின்சிபால் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் வேதவல்லி மேடம் பேசினார். "மாட்டினது லூர்து. பத்து நாள் தெனமும் அந்த அறைக்குள்ள போய் அதப் பாத்துண்டே வந்தது நான். அது என்ன பைன்னு எனக்குத் தெரியும். ஒரு தடவை கூட எடுன்னு சொல்லல. அவளுக்கு அது எவ்வளவு விஷம்னு முழுசா நான் சொல்லித் தரவும் இல்ல. எழுதறதா இருந்தா ரெண்டு பேரையும் எழுதுங்கோ."

இருவர் பெயரையும் எழுதினார்கள். என் நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிப் போயிற்று. அடுத்த ஜூனில் மேடத்துக்கு வர வேண்டிய துறைத் தலைவர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. அதற்கு இதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அறையை விட்டு வெளியே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்த ஒம்பதும் எப்படி இருக்கு?"

அன்றைக்கே ஆரம்பித்தோம். கொள்ளிடத்து மணலை ஏழு தண்ணீர் கழுவி, இரும்புச் சட்டியில் வறுத்து ஆறவைத்தேன். மேடம் ஸ்பிரிட்டில் துடைத்த பிளேடால் ஒவ்வொரு அடித்தட்டையும் மூன்று நான்கு துண்டாக்கினார். ஒவ்வொரு துண்டிலும் தட்டில் ஒரு சிறு பங்கும் இரண்டு அடுக்குச் சதையும் இருக்க வேண்டும்; ஒன்று இல்லாவிட்டாலும் பயனில்லை. முப்பத்தோரு துண்டு வந்தது. கரித்தூள் தொட்டு, மணலில் பாதி புதையும்படி வைத்து, மேலே பழுப்புத் தாள் மூடினோம். தண்ணீர் ஊற்றக்கூடாது; மணல் காய்ந்தால் ஓரத்தில் இரண்டு ஸ்பூன். தினமும் காலையில் தாளைத் தூக்கி, அழுகியதை எடுத்து எறிவேன். முதல் மாதத்திலேயே இருபது போயிற்று. பங்குனிக் கடைசியில் ஒரு துண்டின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. மணல் என்று நினைத்து ஊதினேன். போகவில்லை. நெல்மணி அளவுக்கு ஒரு குட்டிக் கிழங்கு. முடிவில் தேறியது நான்கு.

மலர்விழி ஒரு மாதம் தோட்டத்துப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்து கம்பி வலைக்கு வெளியே நின்றாள்.

"அக்கா, கண்ணு எரியலன்னதும் நான் யோசிச்சிருக்கணும்ல?"

"இல்லம்மா. நான்தான் யோசிச்சிருக்கணும்."

அவள் உள்ளே வந்து நான்கு தொட்டிகளையும் பார்த்தாள். தொடவில்லை. படிப்பு முடியும் வரை எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போவாள்.

அதற்குப் பிறகு எங்கள் துறையில் கிழங்குகளுக்குப் பூட்டுப் போட்ட அலமாரி வந்தது. ஒவ்வொரு தட்டிலும் கொட்டை எழுத்தில், தமிழில், 'விஷம், சாப்பிடக் கூடாது' என்று எழுதினேன். ஷர்மிளா மேடத்துக்குக் கொடுத்த இரண்டு பக்கத்தில் முதல் வரியும் அதுதான். மெஷின் தண்ணீரை அளக்கும். இதை மனிதர்தான் எழுதி ஒட்ட வேண்டும்.

மேடம் இரண்டு வருடத்தில் ஓய்வு பெற்றுப் போனார். நான்கு தொட்டியும் என் பொறுப்பில் இருந்தன. ஒன்றை எலி தின்றது. செத்த எலியையும் நானே கண்டெடுத்தேன். மூன்று மிஞ்சியது. விபத்துக்குப் பிறகு வந்த ஐந்தாவது சித்திரையில் தண்ணீர் ஊற்றிய பன்னிரண்டாம் நாள், ஒரு தொட்டியில் கட்டைவிரல் பருமனில் மொட்டுத் தலை நீட்டியது. மூடியிருக்கும்போது நிறம் தெரியாது. பந்து விரிந்த அன்று காலை, துறைத் தலைவரிடம் கேட்டுக்கொண்டு, தொட்டியைச் சாக்கில் சுற்றி ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். மடியில் வைத்துக்கொண்டு, காவேரிப் பாலம் தாண்டும் வரை ஒரு கையால் பூவை மறைத்தபடி உட்கார்ந்திருந்தேன், காற்று அப்படி.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் மேடத்தின் வீடு. அவரே கதவைத் திறந்தார். கண்ணில் புரை வந்து கண்ணாடி தடிமனாகியிருந்தது. கூடத்தில் ஜன்னலோரம் மேசைமேல் தொட்டியை வைத்துச் சாக்கை எடுத்தேன். பந்து முழுக்க விரிந்திருந்தது.

அவர் குனிந்து, மூக்கு படும் அளவுக்கு நெருங்கிப் பார்த்தார். பிறகு தொட்டியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"சிவப்பு" என்றார்.

"ஆமாங்க மேடம்."

"நம்மாத்து சிவப்பேதான். எந்தத் தோட்டத்துலயும் இருக்கற சிவப்பு."

"ஏமாத்தமா இருக்குங்களா மேடம்?"

"எதுக்கு? பத்து வருஷமாத் தெரியாம இருந்தது." அவர் மேசை இழுப்பறையைத் திறந்து பழைய நோட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். "என் கண்ணு சரியில்ல. நீ எழுது. நிறம், சிவப்பு. தண்டு உயரம் அளந்து போடு. உதிரிப் பூ எத்தனைன்னு எண்ணணும்."

பந்துப்பூ என்பது ஒரே பூ இல்லை. நூற்றுக்கும் மேலே சின்னப் பூக்கள் சேர்ந்ததுதான் அந்தப் பந்து. அவர் ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாக ஒதுக்க, நான் சத்தமாக எண்ணினேன். எண்பத்து மூன்றில் அவர் மருமகள் காபி கொண்டு வந்து, "வாங்கோ, எப்ப வந்தேள்?" என்று விசாரித்தாள். பதில் சொன்னேன். எண்ணிக்கை தவறிப் போயிற்று.

மேடம் காபியைத் தள்ளி வைத்தார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.